கூரையும் கட்டரும் ஒழுகுதா? டியூப் வாங்குறதுக்கு முன்னாடி இத படிங்க

ஹார்ட்வேர் கடைக்கு போயி முதலாளிகிட்ட "வீடு ஒழுகுது தவுக்கே, ஒட்டறதுக்கு ஏதாச்சும் குடுங்க"ன்னு கேட்டா முக்காவாசி கடையில ஒரு டியூப் வெள்ளை சிலிக்கனும் ஒரு கன்னும் எடுத்து மேசை மேல வச்சிருவாங்க, எது மேல ஒட்டப் போறோம்னு நாமளும் சொல்றதில்ல அவங்களும் கேக்கறதில்ல, வீட்டுக்கு வந்து தகரம், கூரைத் தண்ணி ஓடற சிமெண்ட் கட்டர், ஓடுன்னு பாக்காம எல்லாத்துலயும் பூசி விட்டுட்டு ரெண்டு மூணு மாசம் சும்மா இருந்தா சந்தோசம், அடுத்த மழை சீசன்ல அதே எடத்துல திரும்ப சொட்டும். அப்புறம் "சிலிக்கன் சரியில்ல லா"ன்னு பேச்சு. சிலிக்கன் நல்ல சாமான்தான், அது போக வேண்டிய எடம் வேற, நாம வச்ச எடம் வேற.

எங்க பேராக் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டையே எடுத்துக்குங்க. முன்னாடி ஓட்டுக் கூரை, பின்னாடி அடுப்படிய நீட்டி கட்டுன எடத்துல தகரம், பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல சிமெண்ட் கட்டர், காடி நிறுத்துற எடத்துல பாலிகார்பனேட் ஆவ்னிங், அதுக்கு ஓரமா ஒரு பி.வி.சி. கட்டர். தோட்டத்துல மிச்சம் இருக்கற பழைய லயத்து வீடுன்னா தகரம், இல்லன்னா ஆஸ்பெஸ்டாஸ். ஒரு வீட்டுலயே நாலஞ்சு விதமான சாமான் இருக்கறப்ப ஒரே டியூப் எல்லாத்துக்கும் எப்படி சரிப்படும்? அதனால கடைக்கு போறதுக்கு முன்னாடி மேல ஏறி பாக்கணும், இல்ல ஏறத் தெரிஞ்ச ஆள விட்டு போட்டோவாச்சும் எடுத்துக்கணும்.

மொதல்ல ஒழுகுற எடத்த கண்டுபிடிங்க, சிலிங்ல கறை இருக்கற எடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்கும்னு நெனைக்காதீங்க. தண்ணி மேல எங்கயோ உள்ள வந்து சட்டத்து மேல, இல்ல தகரத்துக்கு அடிப்பக்கமாவே ஓடி வந்து எங்க ஒரு ஆணியோ மூட்டோ தடுக்குதோ அங்க சொட்டும், அதனால கறைக்கு மேல்பக்கம், அதாவது கூரை உச்சி இருக்கற திசையில தேடணும். தகரக் கூரைன்னா ஒரு லேசான வழி இருக்கு, மத்தியானம் நல்ல வெயில் அடிக்கறப்ப சிலிங்குக்கு மேல தலைய விட்டு டார்ச்ச அணைச்சிட்டு பாத்தா ஓட்டை இருக்கற எடத்துல எல்லாம் வெளிச்சம் தெரியும், அத அடியிலேர்ந்தே மார்க்கர்ல வட்டம் போட்டு வச்சிக்கலாம். ஓட்டுக் கூரையில இது சரியா வராது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கறதால ஓட்டை இல்லாமலே வெளிச்சம் தெரியும். அங்க ஹோஸ்தான். கீழேர்ந்து ஆரம்பிச்சி கொஞ்சம் கொஞ்சமா மேல போகணும், ஒவ்வொரு எடத்துலயும் ஒரு பத்து பதினஞ்சு நிமிசம் தண்ணி விட்டு உள்ள ஒரு ஆள நிக்க வச்சி பாக்க சொல்லணும். மேலேர்ந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா எடத்துலயும் ஓடி வந்துரும், எதுல உள்ள போச்சின்னு ஒண்ணும் புரியாது.

இன்னொண்ணு, பாதி வீட்டுல ஒழுகலே கிடையாது, கட்டர் அடைச்சிக்கிட்டு தண்ணி வழிஞ்சி உள்பக்கமா வருது. பால் மரம் (ரப்பர் மரம்) இருக்கற பக்கம் இருக்கறவங்களுக்கு இது நல்லா தெரியும், பிப்ரவரி மார்ச்ல மரம் இலைய கொட்டுற நேரத்துல அவ்வளவும் காத்துல பறந்து கட்டர்லதான் வந்து சேரும், அத அள்ளாம விட்டுட்டு ஏப்ரல் மே மழையில "கூரை ஒழுகுது"ன்னு ஆள கூப்புடுறது. மொதல்ல அள்ளுங்க, தண்ணி ஊத்தி பாருங்க, அப்புறம் பணம் செலவு பண்ணுங்க. அடைச்ச கட்டர்ல தண்ணி நின்னா ஏடிஸ் கொசு வேற முட்டை போடும், சுகாதார இலாகா ஆளுங்க வந்து ஜென்திக்க (கொசுப் புழுவ) பாத்தா சம்மன்தான், அதுக்கு 1975லேர்ந்தே சட்டம் இருக்கு.

சரி, இப்ப சாமானுக்கு வருவோம். எதை வாங்கறதுன்னு முடிவு பண்ண நாலு விசயம் தெரிஞ்சா போதும்: ஒட்டப் போற எடம் என்ன சாமான்ல செஞ்சது, அது வெயில் மழைக்கு எவ்வளவு நீண்டு சுருங்குது, தண்ணி அங்க ஓடிப் போயிருமா தேங்கி நிக்குமா, நேரா வெயில் படுதா.

இதுல ஜனங்க கண்டுக்காம விடறது அந்த நீண்டு சுருங்குற விசயம். நம்ம ஊரு வெயில்ல மத்தியானம் தகரம் 60 டிகிரிக்கு மேல போகும், விடியக் காலையில 24 டிகிரி மாதிரி இருக்கும். 6 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகரம் இந்த வித்தியாசத்துக்கு கிட்டத்தட்ட 3 மில்லி நீளும். பி.வி.சி. இன்னும் மோசம், இரும்ப விட அஞ்சு மடங்கு அளவுக்கு நீளும், 4 மீட்டர் பி.வி.சி. கட்டர் 30 டிகிரி சூடு ஏறுனாலே 7 மில்லி நீண்டுரும். அதுவும் நம்ம பக்கம் எப்படின்னா, மூணு மணி வரைக்கும் கொளுத்தும் வெயில், நாலு மணிக்கு திடீர்னு இடியோட கொட்டும், கொதிச்சிக்கிட்டு இருந்த தகரம் கொஞ்ச நேரத்துல குளுந்து சுருங்கும். தெனமும் இந்த இழுபறிய தாங்கணும்னா நடுவுல வச்ச சாமான் ரப்பர் மாதிரி இழுபடணும். சிமெண்டும் எப்பாக்ஸி புட்டியும் இழுபடாது, அதனாலதான் தகரத்து மேல பூசுன சிமெண்ட் எப்பவுமே வெடிச்சி நிக்குது.

சிலிக்கன்லேர்ந்து ஆரம்பிப்போம். இதுல ரெண்டு ஜாதி இருக்கு, கடையில ரெண்டும் பக்கத்து பக்கத்துலதான் இருக்கும். ஒண்ணு அசெட்டாக்ஸி, அமுக்குனதும் மூக்க பிடுங்குற மாதிரி வினிகர் வாடை அடிக்கும், வெல கம்மியா இருக்கறது பெரும்பாலும் இதுதான். கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும் இது அருமை. ஆனா அந்த வாடை எதுலேர்ந்து வருதுன்னா அசெட்டிக் ஆசிட், அது தகரத்து மேல இருக்கற ஜிங்க் பூச்ச அரிக்கும், அப்ப தகரத்துல ஒட்டுனா ஒட்டுன எடத்துக்கு அடியிலயே துரு ஏறும். சிமெண்ட்லயும் இது பிடிக்காது, சிமெண்ட் காரம் இது புளிப்பு, ரெண்டும் சேந்து நடுவுல பொடியா போயி உரிஞ்சி வந்துரும். கூரைக்கு வாங்குனா நியூட்ரல் சிலிக்கன்தான் வாங்கணும், டியூப்லயே நியூட்ரல்னு போட்டிருக்கும், வினிகர் வாடை இருக்காது. இது வெயிலுக்கு அசராது, தகரம், அலுமினியம், பெயிண்ட் அடிச்ச தகரம் எல்லாத்துலயும் நிக்கும். இதுலயும் ஒரு கொறை உண்டு, சிலிக்கன் மேல பெயிண்ட் பிடிக்காது, வேற எந்த சாமானும் ஒட்டாது, பழைய சிலிக்கன் மேல புது சிலிக்கனே சரியா ஒட்டாது. அதனால "பழச விட்டுட்டு மேல இன்னொரு கோட் போட்டேன்"ங்கறது வேலையே இல்ல. கத்தியால சீவி, கம்பி பிரஷ் போட்டு, ஸ்பிரிட்ல தொடச்சி எடுத்தாத்தான் அடுத்தது நிக்கும்.

சிமெண்ட் செவுத்துல, கான்கிரீட் வெடிப்புல எல்லாம் பி.யு. சீலண்ட், அதாவது பாலியூரித்தேன். சிமெண்ட நல்லா கவ்வும், மேல பெயிண்ட் அடிக்கலாம், இழுபடும். நேர் வெயில்ல ரொம்ப நாள் கெடந்தா மேல்தோல் மஞ்சளாகி பொடிப்பொடியா வெடிக்கும், அதனால பெயிண்டோ வேற கோட்டோ போட்டு மூடிருங்க. முக்கியமா ஈரத்துல போடக் கூடாது, பி.யு.வும் தண்ணியும் சேந்தா கேஸ் வந்து உள்ள குமிழி குமிழியா பஞ்சு மாதிரி ஆயிரும். எம்.எஸ். பாலிமர்னு ஒண்ணு இருக்கு, ஹைப்ரிட்னும் எழுதியிருப்பாங்க, இது தகரத்துலயும் ஒட்டும் சிமெண்ட்லயும் ஒட்டும், லேசான ஈரத்த தாங்கும், பெயிண்டும் பிடிக்கும், வெல ஜாஸ்தி. தகரமும் செவுரும் சேர்ற எடம் மாதிரி ரெண்டு விதமான சாமான் சந்திக்கற எடத்துக்கு மட்டும் இத வாங்குங்க, அங்க காசு பாக்காதீங்க.

அப்புறம் டேப். பின்னாடி அலுமினியம் பேப்பர், முன்னாடி பிசுபிசுன்னு ரப்பர் மாதிரி இருக்கறது பியூட்டில் டேப். என்ன கேட்டா தகரத்து மூட்டுக்கு இத விட நல்ல சாமான் கெடையாது, காயற வேலையே இல்ல, ஒட்டுன அடுத்த நிமிசம் மழை வந்தாலும் பரவால்ல, உள்ள இருக்கற ரப்பர் காயாம இருக்கறதால தகரம் அசையறப்ப கூடவே அசையும். ஆனா ஒட்டுற எடம் எலும்பு மாதிரி காஞ்சி இருக்கணும், தூசி, பாசி, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது, ஒட்டிட்டு ஒரு சின்ன ரோலர் இல்லன்னா கரண்டி காம்ப வச்சாவது நடுவுலேர்ந்து ஓரத்துக்கு அழுத்தி தேய்க்கணும். இதே மாதிரி பாக்கறதுக்கு இருக்கற தார் டேப்பும் உண்டு, அதுவும் அலுமினியம் முதுகோடதான் வரும், வெல கம்மி. உரிச்சி மோந்து பாத்தா தார் வாடை தெரியும். வெயில்ல அந்த தார் எளகி ஓரத்துல வழியும், அப்புறம் டேப்பே நகந்துரும். நெழல்ல இருக்கற எடத்துக்கு ஓகே, தகரத்து மேல வேணாம்.

தார் பெயிண்ட், தார் புட்டி இதெல்லாம் தாத்தா காலத்து சாமான், தோட்டத்துல அந்த நாள்ல இத விட்டா வேற கெடைக்காது. வெயில்ல எண்ணெய் சத்து போயி முதலைத் தோல் மாதிரி வெடிக்கும், கறுப்பா இருக்கறதால சூட்ட வேற இழுக்கும், ஒருதடவ பூசிட்டா அதுக்கு மேல வேற எதுவும் பிடிக்காது. பி.வி.சி.யில, பாலிகார்பனேட்ல தொடவே கூடாது. ஆனா இதுல ஒரு நல்ல கொணம் இருக்கு, நார் கலந்த தார் புட்டியில ஈரத்துலயும் ஒட்டுற ரகம் உண்டு, கொட்டுற மழையில அவசரத்துக்கு அது ஒண்ணுதான் கை குடுக்கும். டிவியில காட்டுற ஸ்ப்ரே டின்னும் அவசரத்துக்குத்தான், குண்டூசி அளவு ஓட்டைக்கு சரி, மூட்டுக்கு அத நம்பாதீங்க.

இப்ப எடம் எடமா போவோம்.

தகரத்துல அதிகமா ஒழுகறது ஆணி ஓட்டையிலதான். தகரம் நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கி ஆணிய கொஞ்சம் கொஞ்சமா மேல இழுத்துரும், இல்லன்னா ஸ்க்ரூவுக்கு அடியில இருக்கற ரப்பர் வாஷர் வெயில்ல கருகி வெடிச்சிரும். இதுக்கு எல்லாரும் ஆணி தலை மேல சிலிக்கன ஒரு உருண்டை வச்சிட்டு போயிருவாங்க. அது நிக்காது, ஆணி அசையற வரைக்கும் அந்த உருண்டையும் அசைஞ்சி ஓரத்துல விட்டுரும். ஆணிய புடுங்கிட்டு அதே ஓட்டையில ஒரு சைஸ் பெரிய கூரை ஸ்க்ரூ, இ.பி.டி.எம். ரப்பர் வாஷரோட போடுங்க, சட்டம் மரமா இரும்பான்னு பாத்து அதுக்கு ஏத்த ஸ்க்ரூ கேட்டு வாங்கணும், ரெண்டுக்கும் மொனை வேற. முறுக்கறதுலயும் அளவு இருக்கு, வாஷர் லேசா அமுங்கி ஓரத்துல துளி பிதுங்குனா போதும், டிரில்ல வேகமா விட்டு அமுக்குனா ரப்பர் நசுங்கி கிழிஞ்சிரும், அந்த எடத்துல தகரமும் குழியாகி தண்ணி தேங்கும். டியூப் செலவே இல்லாம முடியற வேலை இது, ஆனா கடையில யாரும் இத சொல்ல மாட்டாங்க.

துருப் பிடிச்சி ஓட்டை விழுந்திருந்தா மொதல்ல ஸ்க்ரூடிரைவர் மொனையால ஓட்டைய சுத்தி குத்தி பாருங்க. பிஸ்கட் மாதிரி உள்ள போச்சின்னா பேட்ச் வேலைக்காகாது, அந்த ஒரு ஷீட்ட மட்டும் மாத்திருங்க. ஓரம் கெட்டியா இருந்தா கம்பி பிரஷ்ல துருவ எடுத்து, ஜிங்க் பிரைமர் ஒரு கோட் அடிச்சி, அதே நெளிவு இருக்கற தகரத் துண்ட ஓட்டையோட எல்லா பக்கமும் ஒரு 7 சென்டி தாண்டற மாதிரி வெட்டி, நடுவுல பியூட்டில் டேப்போ நியூட்ரல் சிலிக்கனோ வச்சி, ரிவெட் அடிங்க. துண்டோட மேல் ஓரம் மேல இருக்கற ஷீட்டுக்கு அடியில போகணும், எப்பவும் மேல இருக்கறது கீழ இருக்கறதுக்கு மேல ஏறணும், மீன் செதிள் மாதிரி. இது மட்டும் சரியா இருந்தா ஒட்டுன சாமான் பாதி உழைச்சாலும் தண்ணி உள்ள வராது. புது ரக அலுமினியம் ஜிங்க் கலந்த கூரைன்னா பென்சில்ல கோடு போடாதீங்க, பென்சில் கரி பட்ட எடத்துல துரு ஆரம்பிக்கும், மார்க்கர் போதும். கிரைண்டர்ல வெட்டுனா பறக்கற இரும்புத் தூள கூட்டி எடுத்துருங்க, ஒரு மழை பட்டா அவ்வளவும் புள்ளி புள்ளியா துருவாயிரும். செம்பு கம்பி, செம்பு பைப் எதுவும் தகரத்த தொடக் கூடாது, ஏர்கோன் தண்ணி செம்பு பைப்ல பட்டு கூரையில சொட்டுனா அந்த எடம் மட்டும் சீக்கிரமா போயிரும்.

தகரம் செவுத்துல போயி முட்டுற எடம், இதுதான் நம்ம ஊருல நீட்டி கட்டுன அடுப்படி அத்தனையிலயும் இருக்கற நோவு. பழைய செவுரு ஒரு பக்கம், புதுத் தகரம் ஒரு பக்கம், நடுவுல மேஸ்திரி ஒரு கரண்டி சிமெண்ட அப்பிட்டு போயிருப்பாரு. சிமெண்ட் நகராது தகரம் நகரும், மொத வருசமே முடி அளவு கோடு விழும், அதுல தண்ணி செவுத்துக்குள்ள எறங்கி உள்பக்கம் பெயிண்ட் பூரிக்கும். ஈரச் சிமெண்ட் ஜிங்க் பூச்சையும் அரிச்சிரும். அந்த சிமெண்ட தட்டி எடுத்துட்டு எல் மாதிரி மடிச்ச தகரப் பட்டை ஒண்ணு வைங்க, ஃப்ளாஷிங்னு கேட்டா மடிச்சி குடுப்பாங்க. செவுத்துல கிரைண்டரால ஒரு கோடு வெட்டி பட்டையோட மேல் மடிப்ப உள்ள சொருகி ஸ்க்ரூ அடிச்சி அந்த கோட்ட எம்.எஸ். இல்ல பி.யு. வச்சி மூடணும். பட்டையோட கீழ் பக்கத்த தகரத்தோட சேத்து இறுக்கமா அடிக்காதீங்க, அது நெளிவு மேல சும்மா படிஞ்சி கெடக்கட்டும், தகரம் தன் பாட்டுக்கு நகந்துக்கும். பட்டை போட வசதி இல்லன்னா 10 சென்டி அகல பியூட்டில் டேப், செவுத்துப் பக்கம் பிரைமர் அடிச்சிட்டு. செவுத்துல பெயிண்ட் உரிஞ்சி இருந்தா சொரண்டிருங்க, இல்லன்னா டேப் பெயிண்டோட சேந்து வந்துரும்.

ஓட்டுக் கூரை பத்தி அதிகம் சொல்ல வேணாம். ஒடஞ்ச ஓட்ட மாத்துங்க, ஒட்டாதீங்க. கூரை உச்சியில இருக்கற முகட்டு ஓட்டுக்கு அடியில சிமெண்ட் வெடிச்சிருந்தா அதுக்குன்னு இழுபடற பாயிண்டிங் கலவை வருது, அத பூசுங்க, திரும்ப வெறும் சிமெண்ட பூசாதீங்க. ஓடும் ஓடும் ஏறி நிக்கற கீழ் ஓரத்த மட்டும் எந்த காரணம் கொண்டும் சிலிக்கன் வச்சி அடைக்காதீங்க, உள்ள போன தண்ணி வெளிய வர வழியே அதுதான்.

சிமெண்ட் கட்டர்தான் பெரிய தலைவலி. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கறதால பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மொதல்லயே பேசிருங்க, நீங்க உங்க பாதிய மட்டும் பூசி அவரு பாதி வெடிச்சிருந்தா தண்ணி உங்க வீட்டுக்குத்தான் வரும். இங்க தண்ணி தேங்கும்கறதால அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் வேணாம், வெள்ளை டின்ல வர்ற அந்த பெயிண்ட் சாய்வா இருக்கற கூரைக்கும் செவுத்துக்கும் நல்லது, தேங்குன தண்ணியில கெடந்தா ஊறி தோலு தோலா உரியும். சிமெண்ட் கட்டருக்கு ரெண்டு பாகமா வர்ற சிமெண்ட் கோட்டிங், ஒரு பை தூள், ஒரு கேன் பால் மாதிரி தண்ணி, ரெண்டையும் கலக்கி பிரஷ்ல அடிக்கறது. மொதல்ல பாசிய சொரண்டி கழுவிட்டு வெடிப்ப வி மாதிரி வெட்டி, நல்லா காய விட்டு பி.யு. வச்சி அடைங்க, அது கெட்டியான பெறகு கட்டர நனைச்சி, தண்ணி தேங்காம ஆனா ஈரமா இருக்கறப்ப கோட்டிங் அடிக்கணும். இங்கதான் ஆளுங்க குழம்புவாங்க, பி.யு.வுக்கு காஞ்ச எடம் வேணும், இதுக்கு ஈரமான எடம் வேணும், காஞ்ச சிமெண்ட்ல அடிச்சா அது கோட்டிங்ல இருக்கற தண்ணிய உறிஞ்சி பொடியாக்கிரும். மொத கோட் நீளவாக்குல, அது எறுகுன பெறகு ரெண்டாவது கோட் குறுக்குவாக்குல. மூலைங்கள்ல மட்டும் ஃபைபர் வலைத் துண்ட மொத கோட்டுக்குள்ள அமுக்கி வைங்க.

கட்டர்ல பைப் எறங்குற வாய் இருக்கு பாருங்க, பத்து ஒழுகல்ல பாதி அங்கதான்னு அடிச்சி சொல்லுவேன். பி.வி.சி. பைப்ப சிமெண்டுக்குள்ள சொருகியிருப்பாங்க, பி.வி.சி. வழவழன்னு இருக்கும், சிமெண்ட் அத பிடிக்காது. வாயச் சுத்தி ஒரு சென்டி அளவுக்கு வெட்டி எடுத்து, பைப்ப மணல் காகிதத்துல தேய்ச்சி சொரசொரப்பாக்கி, பி.யு. நெரப்பி, அது எறுகுனதும் கோட்டிங்க அதுக்கு மேல வரைக்கும் ஏத்துங்க. எல்லாம் கெட்டியான பெறகு பைப் வாய துணி வச்சி அடைச்சி ஒரு 5 சென்டி தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு கீழ பாருங்க. துணிய எடுக்க மறந்துறாதீங்க. பழைய கட்டர்ல தார் பூசியிருந்தா அவ்வளவையும் சொரண்டாம சிமெண்ட் கோட்டிங் நிக்காது, சொரண்ட முடியாத அளவுக்கு இருந்தா சூடு காட்டி ஒட்டுற தார் ஷீட் போடறவங்கள கூப்புடறதுதான் வழி, அது கேஸ் நெருப்பு வச்சி செய்யற வேலை, வீட்டு ஆளுங்க செய்யறதில்ல.

தகரக் கட்டர்ல மூட்டு விட்டிருந்தா பழைய சிலிக்கன எடுத்துட்டு உள்பக்கத்துலேர்ந்து நியூட்ரல் சிலிக்கன், ரிவெட் லூசா இருந்தா புது ரிவெட். வெளிப்பக்கம் பூசறது கண்ணுக்கு அழகுதான். அடிப்பக்கம் துரு தின்னு போயிருந்தா பேட்ச் போட்டு காச கரைக்காதீங்க, ஒரு எடத்த அடைச்சா அடுத்த எடத்துல விடும். மாத்தறப்ப சாய்வையும் பாருங்க, 4 மீட்டருக்கு ஒரு சென்டி ரெண்டு சென்டி பைப் பக்கம் எறங்குனா போதும். பி.வி.சி. கட்டர் மூட்டுல உள்ள ஒரு ரப்பர் இருக்கும், அத மாத்துனாலே போதும், நான் மேல சொன்ன மாதிரி அது அவ்வளவு நீளும்கறதால சிலிக்கன் போட்டு இறுக்குனா உரிஞ்சிக்கிட்டு வரும், இறுக்கமா பசை போட்டு எல்லா மூட்டையும் பூட்டுனா நடுவுல வளையும். பாலிகார்பனேட் ஆவ்னிங்குக்கு நியூட்ரல் சிலிக்கன்லயும் பாலிகார்பனேட்டுக்கு ஏத்ததுன்னு டியூப்ல எழுதியிருக்கறத மட்டும் வாங்குங்க, தொடைக்கறதுக்கு தின்னர் போட்டா ஷீட் முழுக்க முடி முடியா வெடிப்பு விழும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. சாம்பல் கலர்ல சிமெண்ட் மாதிரி, நெளிவா, தகரத்த விட தடியா இருக்கறது. பழைய வீடுன்னா அது ஆஸ்பெஸ்டாஸ்னே நெனச்சிக்குங்க. கம்பி பிரஷ் போடக் கூடாது, டிரில் போடக் கூடாது, வெட்டக் கூடாது, வாட்டர்ஜெட் அடிக்கக் கூடாது, அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா பல வருசம் கழிச்சி புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். அது மேல கால வைக்கவும் கூடாது, பாக்க கெட்டியா இருக்கும், டப்புன்னு ஒடஞ்சி ஆள் நேரா கீழ வந்து விழுவாரு. தோட்டத்து கம்பெனி வீட்டுல இருக்கறவங்க இத நீங்களே செய்யாதீங்க, 1990ல வந்த 446ஆம் சட்டப்படி தொழிலாளி குடியிருக்கற வீட்ட நல்ல நெலையில வச்சிக்க வேண்டியது முதலாளி பொறுப்பு, ஆபீஸ்ல எழுத்துல குடுங்க, தேதி போட்டு ஒரு காப்பி வச்சிக்குங்க, அசையலன்னா ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு (தொழிலாளர் இலாகாவுக்கு) போங்க.

மழை கொட்டிக்கிட்டு இருக்கறப்ப ஏறாதீங்க, இடி சத்தம் தூரத்துல கேட்டாலும் ஏறாதீங்க. உள்ள வாளிய வச்சிட்டு, சிலிங் பூரிச்சி தொங்குனா ஸ்க்ரூடிரைவர்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு தண்ணிய வாளியில எறக்குங்க, இல்லன்னா மொத்த பலகையும் தலை மேல விழும், அதுக்கு முன்னாடி அந்த ரூம் லைட்டு மெயின அணைச்சிருங்க. மழை விட்டதும் கன்வாஸ் போட்டு கட்டிட்டு, நல்ல வெயில் நாளா பாத்து வேலைய ஆரம்பிங்க. தைப்பிங் அளவுக்கு இங்க கொட்டாதுன்னாலும் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் ரெண்டு சீசன்லயும் மத்தியானத்துக்கு மேல நம்ப முடியாது, அதனால பனி காஞ்சதும் காலையில எட்டு ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சி பகலுக்குள்ள முடிச்சிருங்க. சிலிக்கன் மேல்தோல் அரை மணியில கட்டிரும், உள்ள ஒரு நாளைக்கு 2, 3 மில்லிதான் காயும், தடியா அப்புனா வாரக் கணக்குல உள்ள பச்சையாவே இருக்கும். அக்ரிலிக் பெயிண்டுக்கு இன்னும் ஜாக்கிரதை, காயறதுக்குள்ள மழை வந்தா அவ்வளவும் பால் மாதிரி செவுத்துல வழிஞ்சி லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போயிரும்.

தகரத்துல நடக்கறப்ப ஸ்க்ரூ வரிசை இருக்கற எடத்துல மட்டும் கால வைங்க, அதுக்கு அடியிலதான் சட்டம் இருக்கு. ரப்பர் அடி சப்பாத்து போடுங்க, கீழ ஏணிய பிடிக்க ஒரு ஆள் இருக்கணும்.

டியூப் மிச்சம் இருந்தா மூக்குல ஒரு பெரிய ஸ்க்ரூவ முறுக்கி விட்டு வெயில் படாத எடத்துல நிக்க வைங்க, ஒரு மாசத்துக்குள்ள இன்னொரு வேலைக்கு ஆகும். அதுக்கு மேல ஆச்சின்னா அமுக்கி பாருங்க, மூக்குல காஞ்ச கட்டிய இழுத்து எடுத்தா பின்னாடி இருக்கறது நல்லா வரலாம். வாங்கறப்பவும் அடியில அடிச்சிருக்கற தேதிய பாருங்க, சின்ன டவுன் கடையில ரொம்ப நாளா வெயில்ல நின்ன டியூப் நெறைய இருக்கு, தேதி போன சிலிக்கன் எத்தனை நாள் ஆனாலும் கெட்டியாகாம பிசுபிசுன்னே நிக்கும்.